ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது

ஏரிக்கரை முகாம் பார்க்கில் ட்ரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மற்றவர்கள் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள், தண்ணீர்க் குழாய் எங்கே என்று தேடுவார்கள். அவர் கொடி கட்டுவார். கனடாக் கொடி. அதற்கென்றே நீட்டி மடக்கக்கூடிய ஓர் அலுமினியக் கம்பு வைத்திருந்தார். கொடி ஏறிய பிறகுதான் சக்கரக் கட்டை, அதன் பிறகு மட்டம் பார்ப்பது. எல்லாம் முடிந்து அவர் தலையசைக்கும்வரை அவருடைய மனைவி பிக்கப்புக்குள்ளேயே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“வந்த உடனேயே ஆக்களுக்கு விளங்கோணும், தங்கச்சி” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

“என்ன விளங்கோணும் அண்ணை?”

“நாங்கள் கரைச்சல் இல்லாத ஆக்கள் எண்டு.”

நானும் என் கணவரும் அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் அழைத்தோம். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெரிய பேக்கரிக்கு லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். என் கணவரும் முன்பு அதே பேக்கரியில் வேலை செய்தவர். அவர்கள் இருந்தது மில்லிக்கனில், நாங்கள் அஜக்ஸில். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் இருவரும் படிப்பென்று வெளியேறி, வீட்டில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய சிறிய ட்ரெய்லர் ஒன்றை எங்கள் தலையில் கட்டியவர் அவர்தான். “வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டு ஞாயிறு திரும்பிடலாம். ஏரிக்கரையில ரெண்டு நாள் இருந்திட்டு வந்தால் உலகம் வேற மாதிரித் தெரியும்” என்றார்.

உலகம் அப்படியொன்றும் வேறு மாதிரித் தெரியவில்லை. ஆனால் நான்கு கோடைகள் அவர்களோடு போனோம்.

ட்ரெய்லரைப் பின்பக்கமாக எடுக்க என் கணவருக்குப் பழக்கியது ஒரு ஞாயிறு காலை, கடைகள் திறக்காத பிளாசா ஒன்றின் தரிப்பிடத்தில். ட்ரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் வெட்ட வேண்டும். என் கணவர் வியர்த்துப்போனார். அண்ணை ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியில் தெரியும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, “வாங்கோ, வாங்கோ, இன்னும் கொஞ்சம் வாங்கோ. என்னைக் கண்ணாடியில காணேல்லையெண்டால் உடன நிப்பாட்டிப்போடுங்கோ தம்பி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இடையில் ஒரு கார் உள்ளே வந்தது. அவர் ஓடிப்போய் அதன் ஜன்னலில் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஆள் கோப்பி குடித்துக்கொண்டு சும்மா பார்க்க வந்து நின்றிருக்கிறான். அடுத்த காருக்கும் ஓடினார். அன்று என் கணவருக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தைவிட அவர் மன்னிப்புக் கேட்ட நேரம்தான் கூட. திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவருடைய வாயில் எப்போதும் நிற்கும் வசனம் ஒன்று. “ஒருத்தரும் எங்களை ஒண்டும் சொல்லக்கூடாது.” அதற்காக அவர் செய்யாததில்லை. இரவு சத்தம் போடக்கூடாத நேரம் என்று பார்க்கில் ஒரு விதி இருக்கிறது. அவர் பொழுதுபடும்போதே எங்களைக் குரல் தாழ்த்தச் சொல்வார். நான் கொஞ்சம் பலமாகச் சிரித்துவிட்டால், சிரித்த என்னைப் பார்க்கமாட்டார். பக்கத்து இடத்தில் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்ப்பார். ஞாயிறு காலை கிளம்பும்போது எங்கள் இடத்தைக் கூட்டுவார். பிறகு இரண்டு பக்கத்து இடங்களுக்கும் போய் அங்கே கிடக்கும் போத்தல் மூடி, கடதாசி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவார். பார்க் ஊழியர்களின் வாகனம் போனால், அது எங்களை நோக்கி வராவிட்டாலும், எழுந்து நின்று கை காட்டுவார்.

அக்கா ஒருமுறை மீன் பொரித்தார். கரியடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்து, மிளகாய்த்தூள் பிரட்டிய மீன். மணம் மரங்களுக்கு மேலால் போனது. அண்ணைக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்னால், பின்னால், பக்கத்தில் என்று எல்லா இடங்களுக்கும் போய், “சொறி, மை வைஃப் இஸ் குக்கிங் ஃபிஷ்” என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து ட்ரெய்லரின் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கையில் வெறும் பிளேட்டோடு வந்து நின்றார். மன்னிப்புப் போதாது, மீன்தான் வேண்டும் என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்து, அவருக்கு இரண்டு துண்டும் அவர் மனைவிக்கு இரண்டு துண்டும் வைத்துக் கொடுத்தார். அந்தக் கிழவர் கொடியை நிமிர்ந்து பார்த்து, ‘என்னைவிட நீதான் அதிகம் கனேடியன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அண்ணை அதை அந்தக் கோடை முழுவதும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்னொரு சனிக்கிழமை, அடை மழை. எங்கள் ட்ரெய்லரின் கூரை ஒழுகி மெத்தை நனைந்தது. நாங்கள் சொல்லாமலேயே எப்படியோ அறிந்து, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏணியோடு வந்து கூரையில் ஏறிவிட்டார். “உது என்ன பெரிய வேலையே” என்று மேலிருந்து கத்தினார்.  அப்படியொரு மனிதர். அதனால்தான் பிறகு நடந்தவை எங்களை இவ்வளவு அலைக்கழித்தன.

ஏரிக்கரைக்குப் போனாலும் அவர் செய்தியை விட்டுவிட்டுப் போவதில்லை. பற்றறியில் இயங்கும் சிறிய ரேடியோ ஒன்று மேசையில் இருக்கும். தெற்கே எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மிரட்டல், வரி, மூடப்படும் தொழிற்சாலைகள், எங்கெங்கோ நடக்கும் யுத்தங்கள். ஆரம்பத்தில் அது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. நெருப்பைச் சுற்றி இருந்து உலகத்தைத் திருத்துவோம். அக்கா மட்டும், “முகாமில இருந்து தப்பி வந்த ஆக்கள் காசு குடுத்து முகாம் போட்டு இருந்து செய்தி கேக்கிறம்” என்பார். அண்ணை சிரிக்கமாட்டார்.

வடக்கே காடு எரிந்த ஒரு கோடையில், ஏரிக்கு மேலே சூரியன் செம்மஞ்சளாகத் தொங்கியது. கண் எரிந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே இருந்து தேநீர் குடிக்கும்போது மட்டும் அதைக் கீழே இழுத்துவிட்டோம். அப்போது ரேடியோவில், தெற்கே முகத்தை மூடிய ஆட்கள் வேலைத்தலங்களுக்குள் போய் மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தது. பல வருடங்களாக அங்கே வாழ்ந்தவர்களைக்கூட. அண்ணை ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக் காதருகே கொண்டுபோனார். செய்தி முடிந்து பாட்டு வந்த பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை?” என்றார் என் கணவர்.

“ஒண்டுமில்லை. உவங்கள் இஞ்சயும் அப்பிடிச் செய்யமாட்டாங்கள் எண்டு ஆர் சொன்னது?”

“எங்களுக்கென்ன அண்ணை, சிற்றிசன் எடுத்து எத்தினை வருசம்.”

அவர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம்தான் குப்பைச் சம்பவம் நடந்தது. சனிக்கிழமை காலை கழிப்பறைக் கட்டடத்துக்குப் போகும் பாதையில் யாருடையவோ குப்பைப் பை கிழிந்து கிடந்தது. இரவில் குப்பை கிண்டும் ரக்கூன் இழுத்திருக்க வேண்டும். கோழி எலும்பும் பியர் தகரமும் வழியெல்லாம். நாயோடு நடந்து வந்த ஒரு மனிதன், எங்கள் நால்வரையும் பார்த்து நின்று, நீங்கள் எல்லோரும் இந்த இடத்தைக் குப்பைமேடு ஆக்குகிறீர்கள், உங்கள் நாட்டில் இப்படித்தானா இருப்பீர்கள் என்று கேட்டான். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அலுத்துப்போன குரலில் கேட்டான்.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணை முந்திக்கொண்டார். “சொறி சேர். வெரி சொறி சேர்.” அப்படியே பாதையில் குந்தி எலும்புகளை வெறுங்கையால் பொறுக்கத் தொடங்கினார். அந்த மனிதன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனான்.

“ஏன் அண்ணை மன்னிப்புக் கேட்டனீங்கள்? உது எங்கட குப்பை இல்லையெல்லோ!” என்றார் என் கணவர்.

“ஆற்ற குப்பையெண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? எங்கட நிறம்தான் அவனுக்குத் தெரியுது.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான் பொறுக்கிறன்.”

அன்று பின்னேரம், முதல் நாள் அந்தப் பக்கம் கூடாரம் அடித்திருந்த இளைஞர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். படிக்கவென்று புதிதாக வந்த வேறு நாட்டுப் பிள்ளைகள். குப்பை அவர்களுடையது என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. ஆனால் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. “உவங்கள் வந்துதான் எல்லாத்தையும் பழுதாக்குறாங்கள். இவ்வளவு வருசம் நாங்கள் தலையைக் குனிஞ்சு சேத்து வைச்சதை உவங்கள் ரெண்டு வருசத்தில முடிச்சுப்போடுவாங்கள்.”

அதற்குப் பிறகு அவருடைய பேச்சு அந்த ஒரு பாதையிலேயே போனது. வேலை கிடைக்காததற்கு உவங்கள், வீட்டு விலைக்கு உவங்கள், ஆஸ்பத்திரியில் காத்திருப்பதற்கு உவங்கள். கடற்கரையில் யாரோ குப்பை போடும், கடையில் யாரோ சண்டை பிடிக்கும் வீடியோக்களைத் தொலைபேசியில் எங்களுக்குக் காட்டுவார். என் கணவர் முதலில் மறுத்துப் பேசினார். பிறகு ம் கொட்டினார். பிறகு விறகு எடுக்கப் போய்விடுவார். நான் அக்காவைப் பார்ப்பேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். அப்படிப் பேசி முடித்த அதே மனிதர், கைக்குழந்தையோடு வந்து கூடாரம் அடிக்கத் தெரியாமல் நின்ற ஒரு புது ஜோடிக்குப் போய், மழை வரமுதல் கூடாரத்தை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார். அவர்களும் அந்த ‘உவங்கள்’தான். கேட்டால், “அது வேற” என்பார்.

அந்தக் காலத்தில்தான் ரஜி வந்தாள். ரஜி என் சித்தியின் மகள், நாற்பதை நெருங்கும் வயது, கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அவளுடைய கணவன் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். காணாமல் போனவர்களைக் கேட்டு வீதியோரத்தில் படத்தோடு இருந்த பெண்களில் அவளும் ஒருத்தி. பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரிக்கத் தொடங்கினார்கள். விசிட்டர் விசாவில் கனடா வந்து, எங்கள் பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு அகதிக் கோரிக்கை கொடுத்திருந்தாள். பேஸ்மென்ற்றிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று ஒரு வார இறுதி அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணையிடம் தங்கச்சி சும்மா பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் பேசுகிற பேச்சுக்கு வேறு எப்படிச் சொல்வது?

அவளை அவர் கவனித்த கவனிப்பைச் சொல்ல வேண்டும். தன்னுடைய நல்ல கதிரையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். குளிருமென்று அக்காவின் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தார். தடியில் மாஷ்மலோ குத்தி நெருப்பில் கருகாமல் வாட்டுவது எப்படி என்று காட்டினார். ரஜி வாய்க்குள் போட்டுவிட்டு, “இது இனிப்பு மெழுகுதிரி மாதிரிக் கிடக்கு” என்றாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கண்டதில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏரி இன்னும் வெளிச்சமாக இருந்தது. ரேடியோவில் செய்தி வந்தது. அகதிக் கோரிக்கைகளை இறுக்கும் புதிய சட்டம் பற்றி ஏதோ சொன்னார்கள்.

“கொண்டுவரட்டும்” என்றார் அண்ணை. “விசிட்டரா வந்து நல்லாச் சுத்திப் பாத்துப்போட்டுப் பேந்து அகதியெண்டு எழுதிக் குடுக்கிறாங்கள். முழுக்கப் பொய். உவங்களால எங்களுக்குத்தான் கெட்ட பேர்.”

என் கணவர் இருமினார். நான் கேத்தலைத் தூக்கினேன். அண்ணை ரஜியின் பக்கம் திரும்பி, அன்பாகவே கேட்டார். “நீங்கள் எப்ப தங்கச்சி திரும்பிப் போறியள்? போகமுதல் ஒருக்கா நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகோணும்.”

“நான் போகேல்லை அண்ணை” என்றாள் ரஜி. “விசிட்டராத்தான் வந்தனான். இப்ப கேஸ் போட்டிருக்கிறன்.”

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. அண்ணை ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு முழுதாகவே நிறுத்தினார்.

“நான் உங்களைச் சொல்லேல்லைத் தங்கச்சி.”

“அப்ப ஆரைச் சொன்னனீங்கள் அண்ணை?”

அவள் கோபத்தோடு கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோல, பதிலை உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டாள். அண்ணை என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். 

அப்போதுதான் அக்கா பேசினார். கணவரை எதிர்த்து ஒரு சொல் பேசி நாங்கள் அறியாத அக்கா. “நீங்கள் வந்த கதையையும் சொல்லுங்கோவன்” என்றார்.

“நீ சும்மா இரு.”

“இவ்வளவு வருசமும் சும்மாதான் இருக்கிறன். நாங்களும் பொய் சொல்லித்தானே வந்தனாங்கள். அந்தப் பிள்ளையைப் பாத்து ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?”

அண்ணை எழுந்தார். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். நிரம்பிய வாளியோடு வந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த நெருப்பின் மேல் முழுவதையும் ஊற்றினார். புகையும் ஆவியும் எங்கள் முகத்தில் அடித்தன. “நேரமாச்சு. பக்கத்து ஆக்கள் படுக்கிற நேரம்” என்றார். பக்கத்து இடத்தில் சின்னப் பிள்ளைகள் இன்னும் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் வழக்கம்போல வந்து எங்கள் ட்ரெய்லரைக் கொழுவ உதவினார். பின்னால் நின்று விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்தார். “பிரேக் லைற் சரி. சிக்னல் சரி. கவனமாப் போங்கோ தம்பி.” ரஜி காருக்குள் இருந்தாள். அந்தப் பக்கத்து விளக்கை மட்டும் தூரத்தில் நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. முதுகு வலி என்றார்கள். பிறகு பனி வந்துவிட்டது. குளிர்காலத்தில் அக்கா ஒருநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மெதுவாகப் பேசினார். “விடியத் தொடங்கினால் படுக்கும்வரைக்கும் செய்திதான். பார்சல் கொண்டு வாறவன் பெல் அடிச்சாலும் திரைச்சேலையை இழுத்து விட்டுட்டு அறைக்குள்ள போயிடுறார். எனக்கு இந்த மனுசனை நினைச்சால் பயமாக் கிடக்கு.” நாங்கள் போய்ப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வெட்கப்படுவார் என்றார்.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக. மெலிந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைத்துவிட்டு, “ரஜித் தங்கச்சி நிக்கிறாவோ?” என்று கேட்டார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். ரஜி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்பப் போனவளை இருக்கச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் தேநீர் வைத்தேன். அதை அவர் தொடவில்லை.

“என்ர பேர் உங்களுக்குத் தெரிஞ்ச பேர் இல்லை” என்றார்.

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஊரைவிட்டு வெளிக்கிட்டு முதலில் போனது ஜேர்மனிக்கு. அங்கே உண்மையான பெயரில், உண்மையான கதையைச் சொன்னார். நம்பவில்லை. திருப்பி அனுப்பப் பார்த்தபோது தப்பி வந்தார். அதே பெயரில் கனடாவில் அகதியாகக் கேட்டால் ஜேர்மனியில் மறுத்தது தெரிந்துவிடும் என்று ஏஜென்ற் சொன்னான். வேறு ஒருவரின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தான். அந்தப் பெயரில் கேட்டார், அந்தப் பெயரில் கிடைத்தது. அந்தப் பெயரில் அக்காவைக் கூப்பிட்டார், வீடு வாங்கினார்.

“என்ர ரெண்டு பிள்ளையளின்ர பேருக்குப் பின்னாலயும் அவன்ர பேர்தான் கிடக்கு. அதுகளுக்கு இது தெரியாது. அவன் ஆரெண்டு எனக்கே தெரியாது. செத்திட்டானோ, இருக்கிறானோ, அதுவும் தெரியாது.” மேசையில் கிடந்த கீரைக் காம்பு ஒன்றைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். “மற்றவன்ர பேர் தங்கச்சி. அதை வாங்கி வைச்சுக்கொண்டு கெடுக்கக் கூடாதெல்லோ. பொலிஸிட்ட ஒரு ஃபைன் ரிக்கற் கூட அந்தப் பேரில நான் எடுக்கேல்லை.”

ரஜி கீரைக் கட்டை ஒதுக்கி வைத்தாள்.

“உங்களில எனக்குக் கோவமில்லை. புதுசா வாற ஒருத்தரிலயும் கோவமில்லை. பயம். இமிக்கிரேசன்காரங்கள் உங்கட கதையளைக் கிண்டத் தொடங்கினால் ஒரு நாள் பழசுகளையும் கிண்டுவாங்கள். பிள்ளையளுக்கு முன்னால என்னைக் கூட்டிக்கொண்டு போவாங்கள். எந்தச் செய்தியைக் கேட்டாலும் எனக்கு அதுதான் கேக்குது.”

“அண்ணை, உங்களை ஒருத்தரும்...” என்று நான் தொடங்கினேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“உங்கட கேஸ் எப்ப?” என்று ரஜியிடம் கேட்டார்.

“அடுத்த மாதம் அண்ணை. உள்ளதைத்தான் சொல்லப்போறன். நம்புவினமோ தெரியாது.”

“என்ர பொய்யை நம்பினவை” என்றார். பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

புறப்படும்போது ரஜிதான் கேட்டாள். “உங்கட சொந்தப் பேர் என்ன அண்ணை?”

சப்பாத்துக்குக் குனிந்தவர் நிமிர்ந்தார். சொன்னார்.   ரஜி அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு போனார். நான் ஜன்னலால் பார்த்தேன். காருக்குள் ஏறி, வெகுநேரம் காரை எடுக்காமல் இருந்தார்.

ரஜியின் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். அதைச் சொல்ல அவள் தொலைபேசி எடுத்தபோது அக்காதான் பேசினார். அண்ணை பக்கத்தில்தான் இருந்தார். “சந்தோசமாம்” என்று அக்கா சொன்னார். அந்தக் கோடையில் ட்ரெய்லரை விற்றுவிட்டார்கள். நாங்கள் இருவரும் ஒருமுறை தனியாகப் போனோம். என் கணவர் ட்ரெய்லரைப் பின்பக்கமாக எடுக்கும்போது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ இல்லை. பேசவும் ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் முன்னதாகவே திரும்பிவிட்டோம்.

இலையுதிர்காலத்தில் அண்ணை இறந்துபோனார். மாரடைப்பு. வீட்டு முன்வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். மில்லிக்கனில் அவருடைய வீட்டு முற்றத்தில்தான் எப்போதும் இலை இருக்காது.

மரணச் சடங்கு நடந்த மண்டபத்தில் நிறையச் சனம். பேக்கரியில் வேலை செய்தவர்கள், அயலவர்கள், பார்க்கில் பழகிய அந்த வெள்ளைக்காரக் கிழவர்கூட மனைவியோடு வந்திருந்தார். வாசலில் வைத்திருந்த படத்துக்குக் கீழே அந்த இரவல் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நானும் ரஜியும் அதைப் பார்த்தோம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உள்ளே போய் அக்காவுக்குப் பின்னால், அவருடைய மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

மகன் வேட்டி கட்டி, நெஞ்சில் பூணூல் போட்டு, தர்ப்பை மோதிரத்தோடு ஐயருக்கு முன்னால் இருந்தான். ஐயர் இறந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். மகன் தகப்பனின் பெயரைச் சொன்னான். நட்சத்திரம் தெரியாமல் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா கதிரையிலிருந்து எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துபோய், ஐயருடைய காதுக்குக் குனிந்தார். நட்சத்திரத்தைச் சொல்வதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. ஐயர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா ஒருமுறை தலையை ஆட்டினார். ஐயர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மந்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, அந்தப் பெயரைச் சொன்னார். எங்கள் சமையலறையில் கேட்ட பெயர். மகன் அதை ஐயர் சொல்லச் சொல்லத் தட்டுத் தடுமாறித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மகள் அழுவதை நிறுத்திவிட்டுக் கூர்ந்து கேட்டாள். எங்கள் பக்கம் சரிந்து, “அன்ரி, ஐயர் ஆற்ற பேரைச் சொல்லுறார்? தாற்ஸ் நொற் அப்பா. ராங் நேம் சொல்லுறார்” என்றாள்.

 ரஜி அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்லைப் பிள்ளை” என்றாள். “சரியாத்தான் சொல்லுறார்.”